ஏணையில் இரண்டு மணித்தியாலம், பாயில் முக்கால் மணித்தியாலம்

கேள்வி: அக்கா, நான் வீட்டிலேயே நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். தாய்மார் மூன்று பேர் ரீச்சர்மார், ஒருவர் வங்கியில் வேலை. அதில் 19 மாதத்து மகன் ஒருவன் பகல் பன்னிரண்டரைக்குப் படுத்தால் ஒன்றேகாலுக்கு எழும்பி வீறிட்டு அழுகிறான், அவன் அழ மற்ற மூன்றும் எழும்புகின்றன. லீவு நாளில் வீட்டில் இரண்டு மணித்தியாலம் தூங்குவானாம், ஏணையில். அவனுடைய அம்மா விடிய ஐந்து மணிக்கு எழும்ப அவனும் கூடவே எழும்பிவிடுவானாம். நான் எதில் பிழை விடுகிறேன்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், தங்கச்சி. ஏணையும் அந்த ஐந்து மணியும்தான்.

இந்த வயதுப் பிள்ளைகளின் நித்திரை ஒரே நீட்டாகப் போகாது. முக்கால் மணித்தியாலம், கூடினால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மேலே வந்து, புரண்டு, ஒரு முனகல் முனகி, திரும்ப உள்ளே போகும். நமக்கும் அப்படித்தான், காலையில் ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பிள்ளை, தான் கண் மூடும்போது என்ன இருந்ததோ அதைத் தேடும். ஏணைக்குள் கிடந்தால் அவன் அசையும்போதே ஏணையும் கொஞ்சம் ஆடும், இல்லாவிட்டால் அம்மம்மா கதிரையில் இருந்தபடி கயிற்றை ஒரு இழுவை இழுத்துவிடுவா. உங்கள் பாய் ஆடாது. அதனால் முழுதாக முழித்துக்கொள்கிறான்.

அதற்காக நீங்களும் வளையில் சீலையைக் கட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். கல்லடியில் நான் பிள்ளை பார்க்கத் தொடங்கின முதல் வருசம் கட்டினேன். அடுப்படிக்குப் போய் வருவதற்குள் மூன்று வயதுக்காரி ஒருத்தி, உள்ளே கிடந்த சின்னவனை ஊஞ்சல் ஆட்டுவது போல இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தாள், அவன் தலை சுவரில் படாமல் தப்பினது எங்கள் நல்ல காலம். அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். 19 மாதத்துப் பிள்ளை உள்ளே எழும்பி நிற்கவும் பார்க்கும், சீலை முறுகிக் கழுத்தில் சுற்றவும் கூடும். நாலு பிள்ளைகளுக்கு ஒரு ஆள் இருக்கிற வீட்டில் அது வேண்டாம்.

இப்போது நேரத்துக்கு வாருங்கள். ஐந்து மணிக்கு எழும்பியவனைப் பன்னிரண்டரைக்குப் படுக்க வைக்கிறீர்கள், ஏழரை மணித்தியாலம்! நல்லாகக் களைத்தால் நல்லாகத் தூங்குவான் என்றுதான் எல்லாரும் நினைப்போம், நடப்பது நேர்மாறு. அளவுக்கு மீறிக் களைத்த பிள்ளை படுத்தவுடன் விழுந்துவிடும், முக்கால் மணித்தியாலத்தில் அழுதுகொண்டே எழும்பும். நாலு பேருக்கும் ஒரே கோப்பையில் பிசைந்து சுற்றிவர ஊட்டுவதுதான் உங்களுக்கு லேசு என்று தெரியும், ஆனாலும் இவனுக்கு மட்டும் பத்தேமுக்காலுக்குச் சோற்றைக் கொடுத்து, பம்பர்ஸ் மாற்றி, பதினொன்றேகாலுக்குப் பாயில் போட்டுப் பாருங்கள். மற்றப் பிள்ளைகள் சாப்பிடும் சத்தம் கேட்காத அறையாக இருந்தால் நல்லது.

படுக்கப் போடும்போது முழுதாகத் தட்டித் தூங்க வைக்காமல், கண் சொக்கும் நேரத்தில் தட்டுவதைக் குறைத்துக் கையை மட்டும் நெஞ்சில் வைத்திருங்கள். முதல் நாலைந்து நாள் கஷ்டம்தான், ராகமாக அழுவான். பிறகு அவன் முழிக்கிற நேரத்துக்கு ஐந்து நிமிசம் முன்னாலேயே போய்ப் பக்கத்தில் இருங்கள், புரளத் தொடங்கும்போது அதே கையை அதே இடத்தில் வையுங்கள். தூக்க வேண்டாம், பேச வேண்டாம், லைட் போட வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிசம் பார்த்தும் சரிவராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், பிள்ளையோடு மல்லுக்கட்டி ஒரு பலனும் இல்லை.

மறுகா, சூடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சீற் போட்ட கூரைக்குக் கீழே ஒரு மணி என்பது போறணைதான். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள், மயிர் நனைந்து ஒட்டியிருந்தால் அவனை எழுப்புவது சூடு. நேரத்தோடு படுக்க வைத்தால் இந்தத் தொல்லையும் பாதி குறையும். சத்தத்தைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம், ஃபேன் இரைச்சலும் பள்ளிவாசல் பாங்கும் தினமும் கேட்டுப் பழகினவை. எழுப்புவது திடீர்ச் சத்தம். ஒன்றேகாலுக்கு உங்கள் ஒழுங்கைக்குச் சூன் பாண், அதுதான் மியூசிக் போட்டுக்கொண்டு பாண் விற்கிற ஓட்டோ, வருகிறதா என்று ஒருநாள் கவனியுங்கள், எனக்கு ஒரு வருசம் முழுக்க அந்த மியூசிக்தான் எதிரி.

இரண்டு கிழமை செய்தும் முக்கால் மணித்தியாலம்தான் என்றால், இரவுக் கணக்கைத் தாயிடம் கேளுங்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகலும் இரவுமாக 24 மணித்தியாலத்தில் 11 முதல் 14 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு எட்டரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பினால் எட்டரை, உங்கள் வீட்டு முக்காலையும் கூட்டினால் ஒன்பதேகால்தான், அது காணாது. இரவில் பதினொன்று தூங்கி, பகலில் சிரித்துக்கொண்டே எழும்புகிற பிள்ளைக்கு முக்கால் போதும், நாம்தான் ஓய்வு காணாமல் புலம்புவோம்! அப்படிப்பட்டவனுக்கு ஒரு மூலையில் துணிப் பந்தும் மூடி போத்தலும் கொடுத்து இருத்திவிடுங்கள், கையில் போனைக் கொடுத்துப் பழக்காதீர்கள். தூங்கும்போது குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வந்தால் மட்டும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தாயிடம் இதையெல்லாம் குறை போலச் சொல்லிவிடாமல், சனி ஞாயிறில் ஒரு தடவையாவது பாயில் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தடிமல் பாணி கொஞ்சம் கொடுத்தால் நல்லாகத் தூங்கும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்கிறா. கொடுக்கலாமா?
– வாசகி, காரைதீவு

பதில்: கூடவே கூடாது. நித்திரை வரவைக்கிற பாணி மருந்துகள் சின்னப் பிள்ளையின் மூச்சையே மந்தமாக்கக்கூடும், இரண்டு வயதுக்குக் கீழே ஆபத்து இன்னும் கூட. அதுவும் அடுத்தவர் பிள்ளை! டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்தென்றாலும், தாய் அளவும் நேரமும் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள். மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கதையை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: மூன்று வயதாகப் போகிற மகள். இரவு பத்தரை வரை முழித்திருக்கிறாள், பகல் இரண்டு மணிக்கே எழுப்பிவிடுங்கள் என்று தாய் கேட்கிறா. பாவமாக இருக்கிறது.
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தாய் சொல்வது சரி. இந்த வயதில் பகல் நித்திரை நீண்டால் அந்த அளவு இரவில் குறையும். ஆனால் உலுக்கி எழுப்ப வேண்டாம். ஒன்றேமுக்காலுக்கு யன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள், மற்றப் பிள்ளைகளை அந்த அறையில் விளையாட விடுங்கள். எழும்பி முதல் பத்து நிமிசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், அந்த நேரம் ஒன்றும் கேட்காமல் மடியில் வைத்திருங்கள்.