நேர்காணலில் சம்பளப் பேச்சு: கோட்டையூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

தங்கள் மகள் மின்னணுப் பொறியியல் இறுதியாண்டில் படிப்பதையும், கல்லூரி வளாக நேர்காணல் ஒன்றும் சென்னை நிறுவனம் ஒன்றின் தனி நேர்காணலும் அடுத்தடுத்து வருவதையும் எழுதியிருந்தீர்கள். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்று கேட்டால் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குக் குறையாமல் கேள் என்று சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் சொல்கிறார், முதல் வேலைக்குப் போகும் பிள்ளை பணத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று அவளுடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், சொல்கிறார், இரண்டுக்கும் நடுவில் பிள்ளை குழம்பி நிற்கிறாள் என்பது தங்கள் கவலை. இரண்டு யோசனைகளும் அன்பிலிருந்து வந்தவைதான், ஆயினும் இரண்டையும் அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது பேராசையும் ஆகாது, மரியாதைக் குறைவும் ஆகாது. கணக்குத் தெரியாமல் பேசுவதுதான் தவறு.

முதலில் இரண்டு நேர்காணல்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் புதியவர்களுக்கான சம்பளத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே கல்லூரிக்குத் தெரிவித்துவிட்டுத்தான் வருகின்றன. அந்தத் தொகை ஒரே பணிக்குத் தேர்வாகும் எல்லாருக்கும் பொதுவானது. அங்கே உட்கார்ந்து எட்டு லட்சம் என்று சொன்னால், அறிவிப்பைப் படிக்காமல் வந்திருக்கிறாள் என்றே எதிரில் இருப்பவர் நினைப்பார். ஆகவே வளாக நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தால், "நிறுவனம் அறிவித்துள்ள தொகையைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு ஏற்புடையதே" என்று சொல்வது போதும். தனி நேர்காணலில் நிலைமை வேறு. அங்கே இந்தக் கேள்வி உண்மையாகவே கேட்கப்படும், பதிலுக்கு ஏற்பத் தொகை சிறிது கூடவோ குறையவோ இடமும் இருக்கும். அதற்குத்தான் ஆயத்தம் தேவை.

அந்த ஆயத்தம் சி.டி.சி. என்று சொல்லப்படும் ஆண்டுத் தொகையைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. நிறுவனம் ஒரு பணியாளருக்காகச் செய்யும் மொத்தச் செலவே சி.டி.சி., கைக்கு வரும் சம்பளம் அதுவன்று. ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்றால் மாதம் 30,000 ரூபாய் கைக்கு வரும் என்று பல பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, அதில் அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காகச் செலுத்தும் வருங்கால வைப்பு நிதி 12 விழுக்காடு, அதாவது 1,800 ரூபாய். பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 720 ரூபாய். மருத்துவக் காப்பீட்டுக்கு 500 ரூபாய் என்றும், செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் மாறுபடும் ஊதியம் 3,000 ரூபாய் என்றும் கொண்டால், மாதச் சம்பளச் சீட்டில் வரும் மொத்தத் தொகை சுமார் 23,980 ரூபாய்தான். அதிலிருந்து மகளின் பங்கான வைப்பு நிதி 1,800 ரூபாய் போகும். தொழில் வரியை உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும், ஆண்டு முழுவதற்கும் அது 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. எல்லாம் கழிந்து வங்கிக் கணக்கில் விழுவது ஏறத்தாழ 22,000 ரூபாய். மாதம் 8,000 ரூபாய் வேறுபாடு வருகிறது. வைப்பு நிதி வீணாகிப் போகிற பணம் அல்ல, அது பின்னாளில் அவளுக்கே வரும்; பணிக்கொடை பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர்களுக்கே கிடைக்கும். ஆயினும் விடுதி வாடகையை அவற்றைக் கொண்டு கட்ட முடியாது.

எனவே தங்கள் வீட்டில் தயாராக வேண்டிய முதல் எண், மகள் சென்னையில் கண்ணியமாக வாழ்ந்து, மாதம் ஒருமுறையாவது ஊருக்கு வந்துபோக எவ்வளவு வேண்டும் என்பது. விடுதி வாடகை, உணவு, அலுவலகப் போக்குவரத்து, கல்விக் கடன் இருந்தால் அதன் மாதத் தவணை, சிறிது சேமிப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். சென்னையில் ஏற்கெனவே வேலை பார்க்கும் உறவுப் பெண் யாரையாவது கேட்டால் சரியான தொகைகள் கிடைத்துவிடும். அந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே கைச்சம்பளம் போனால் மாதந்தோறும் வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிருக்கும். அப்படி அனுப்புவதில் தவறில்லை, நல்ல பயிற்சி கிடைக்கும் இடமென்றால் ஓராண்டு அனுப்பலாம். அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்க வேண்டும், மூன்றாவது மாதத்தில் திடீரென்று தெரியவரும் செய்தியாக இருக்கக் கூடாது.

இரண்டாவது எண், அதே பணிக்கு அதே ஊரில் புதியவர்களுக்கு என்ன தருகிறார்கள் என்பது. கல்லூரியின் ப்ளேஸ்மென்ட் அலுவலரும், சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் முடித்துப்போன மாணவர்களும் இதற்குச் சரியான வழிகாட்டிகள். சிங்கப்பூர் அம்மான் சொல்லும் தொகை அந்த ஊரின் செலவையும் அவருடைய அனுபவத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அதை இங்கே அளவுகோலாக வைக்க இயலாது.

இரண்டு எண்களும் கையில் இருந்தால் பேச்சு எளிது. கேள்வி வந்ததும் தொகையைச் சொல்லாமல், "இந்தப் பணிக்குப் புதியவர்களுக்கு நிறுவனம் எந்த வரம்பில் சம்பளம் வைத்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாமா?" என்று பணிவாகக் கேட்கலாம். பெரும்பாலான எச்.ஆர். அலுவலர்கள் சொல்லிவிடுவார்கள். நீயே சொல் என்று வற்புறுத்தினால், "நான் விசாரித்த அளவில் இப்பணிக்கு மூன்றரை முதல் நான்கு லட்சம் வரை தருகிறார்கள். அந்த வரம்புக்குள் எதிர்பார்க்கிறேன். பணியையும் பயிற்சியையும் பார்த்து முடிவெடுக்க விரும்புகிறேன்" என்று சொல்லலாம். இந்தத் தொகைகள் எடுத்துக்காட்டு மட்டுமே, தாங்கள் விசாரித்து அறிந்ததை அவ்விடத்தில் வையுங்கள். வரம்பாகச் சொன்னால் எதிரில் இருப்பவரின் காதில் கீழ் எண்ணே விழும், ஆகவே ஏற்றுக்கொள்ளக்கூடிய தொகைதான் கீழ் எண்ணாக இருக்க வேண்டும். தொகையைச் சொன்ன பிறகு பேசாமல் இருக்கக் கற்றுக்கொடுங்கள். சொல்லி முடித்த மறுநொடியே "குறைத்தாலும் பரவாயில்லை, சார்" என்று தானாக இறங்கிவரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய அப்பச்சிக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நம் பக்கத்து வழக்கம் அன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டு ஏஜெண்டுகள் மூன்றாண்டுக் கணக்குக்கு இன்ன சம்பளம் என்று பேசி, எழுதிக்கொண்ட பிறகுதான் கப்பல் ஏறினார்கள். முதலாளி நெருங்கிய உறவினராக இருந்தபோதும் எழுத்து எழுத்தாகவே இருந்தது.

இனி மற்றக் கேள்விகள். "உன்னைப் பற்றிச் சொல்" என்பதுதான் எங்கும் முதலில் வருகிறது. நம் பிள்ளைகள் பெயர், ஊர், தந்தையின் தொழில், உடன்பிறந்தோர், பொழுதுபோக்கு என்று ஒப்பிப்பார்கள். இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே விண்ணப்பத்தில் இருக்கிறது. கேட்பவர் அறிய விரும்புவது, இந்தப் பெண் என்ன செய்யத் தெரிந்தவள், அதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவளா என்பதுதான். தங்கள் மகள் புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பயன்படும் வகையில் நெல்லின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்றை இறுதியாண்டுத் திட்டமாகச் செய்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இது மிக நல்ல பொருள், இதை அவள் விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒளித்துவைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம். நெல்லைச் சேமிக்கும்போது ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், அதற்காக இந்தக் கருவியைச் செய்தோம், குழுவில் மூன்று பேர், அளவீட்டைச் சரிபார்ப்பது என் பொறுப்பு, வெப்பநிலை மாறும்போது அளவு மாறியதைக் கண்டுபிடித்து இவ்வாறு திருத்தினேன் என்று ஒன்றரை நிமிடத்துக்குள் சொன்னால், அடுத்த பத்து நிமிடக் கேள்விகள் அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்திலேயே வரும். குழுவின் வேலை எது, தன் வேலை எது என்று பிரித்துச் சொல்வது இங்கே முக்கியம். பிறர் செய்த பகுதியைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டால் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்ள நேரும்.

குறை என்ன என்று கேட்டால், "நான் அளவுக்கு மீறி உழைப்பேன்" என்ற பதில் தேய்ந்துபோனது, அதை யாரும் நம்புவதில்லை. உண்மையான, ஆனால் வேலையைக் கெடுக்காத ஒரு குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்கிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தின் முன் ஆங்கிலத்தில் பேசத் தயக்கம், அதற்காக வாரந்தோறும் வகுப்பில் ஒரு தலைப்பை எடுத்துப் பேசுகிறேன் என்பது போன்ற பதில் போதும், அவள் உண்மையிலேயே பேசுகிறாள் என்றால். அரியர் (முன்பு தவறிய பாடம்) இருந்து முடித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், மதிப்பெண் பட்டியலில் அது தெரிந்துவிடும். ஐந்தாண்டில் எங்கே இருப்பாய் என்ற கேள்விக்குப் பதவிப் பெயர் சொல்லத் தேவையில்லை, எந்தத் திறனில் தேர்ச்சி பெற விரும்புகிறாள் என்று சொன்னால் போதும்.

பெண்பிள்ளைகளிடம் மட்டும் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு: திருமணம் எப்போது, அதன் பிறகு வேலையை விட்டுவிடுவாயா? இதைக் கேட்பது சரியன்று என்பதே என் உறுதியான எண்ணம். ஒரே விதமான பணிக்கு ஆளெடுக்கும்போது பெண் என்பதற்காக வேறுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தது, இப்போது அதன் இடத்துக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனாலும் அந்த அறையில் வாதம் செய்வதால் பயனில்லை. "நீண்ட காலம் பணியாற்றும் எண்ணத்துடன்தான் வந்திருக்கிறேன், என் சொந்த வாழ்க்கை என் வேலைக்கு இடையூறாக வராது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று தங்கள் கையில் இருக்கிறது, ஆச்சி. பெங்களூருக்குப் போவாயா, இரவுப் பணிக்குச் சம்மதமா என்று கேட்கும்போது, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலால் வாய்ப்பை இழந்த பெண்கள் நம் பகுதியில் பலர். அந்தப் பிள்ளைகளுக்குத் துணிவில்லை என்று சொல்ல மாட்டேன், வீடு முன்னமே முடிவு சொல்லவில்லை. எந்த ஊர் வரை சம்மதம், இரவுப் பணி உண்டா இல்லையா, உண்டென்றால் நிறுவனம் வீட்டு வாசல் வரை வாகனம் தர வேண்டுமா என்பவற்றை நேர்காணலுக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். முடியாது என்பதும் தெளிவான பதில்தான், அதை அவள் தயங்காமல் சொல்லிவிட்டு அடுத்த நிறுவனத்தைப் பார்க்கலாம்.

சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். காணொளி வழியில் நேர்காணல் என்றால் பழைய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார வேண்டாம். கனத்த சுவர்களால் அலைவரிசை தடைபடும், பெரிய கூடத்தில் குரல் எதிரொலிக்கும். முந்தைய நாளே முகப்பிலோ மாடியறையிலோ இருந்து ஒரு தோழியை அழைத்துப் பேசிப் பார்க்கட்டும். சென்னையில் காலை நேர்காணல் என்றால் அன்று அதிகாலைப் பல்லவன் ரயிலை நம்ப முடியாது, அது எழும்பூர் சேர நண்பகல் ஆகிவிடும். முந்தைய நாளே போய்த் தங்குவதுதான் நல்லது.

தேர்வான பிறகு வரும் பணிவாய்ப்புக் கடிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். மாறுபடும் ஊதியம் எவ்வளவு, எப்போது தருவார்கள், வேலையை விடுவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, சேரும்போது தரும் ஊக்கத்தொகையை இடையில் விலகினால் திருப்பிக் கேட்பார்களா என்பவற்றைக் கேட்டுத் தெளிவு பெறுவதில் யாரும் குறை காண மாட்டார்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி, வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், மிகுதித் தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும். நியமனக் கடிதம் தருவதும் கட்டாயம். ஆகவே எழுத்தில் எதுவும் இல்லாமல் சேரச் சொல்லும் இடத்தில் ஐயம் கொள்வது நியாயமே.

ஒப்பந்தப் பத்திரம், அதாவது பாண்ட், சட்டப்படி செல்லாது என்று தங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். மூன்றாண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. எல்லாப் பத்திரமும் அப்படியே செல்லும் என்று இதற்குப் பொருளில்லை, தொகையும் சூழ்நிலையும் பார்க்கப்படும். ஆனால் காலத்தையும் தொகையையும் படித்து, அந்தக் காலம் வரை இருக்க முடியும் என்று தோன்றினால் மட்டுமே கையெழுத்திட வேண்டும். மூலச் சான்றிதழ்களை நிறுவனத்திடம் வைத்துக்கொள்ளக் கொடுக்கக் கூடாது, சரிபார்க்கக் காட்டிவிட்டு உடனே திரும்பப் பெற வேண்டும். பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம், முன்வைப்பு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

வளாக நேர்காணலில் தேர்வாகி, தனி நேர்காணலின் முடிவு வராமல் இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் கிடைத்ததை ஏற்ற பிறகு வேறு நேர்காணலுக்குப் போகலாமா என்பதில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விதி உண்டு, அதை ப்ளேஸ்மென்ட் அலுவலரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். சென்னை நிறுவனத்துக்கு, தனக்கு வேறொரு வாய்ப்பு வந்திருப்பதையும் இன்ன தேதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருப்பதையும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்கலாம். இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்ல மட்டும் வேண்டாம், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வளாக நேர்காணலுக்கு முன் ஒரு சனிக்கிழமை மகளையும் அவளுடைய அப்பச்சியையும் அழைத்துக்கொண்டு காரைக்குடிக்கு வாருங்கள். செலவுக் கணக்கை எழுதிக் கொண்டுவந்தால் எல்லாருமாக அமர்ந்து அந்தக் கீழ் எண்ணை முடிவு செய்துவிடலாம்.