எந்த வில்நெவ்?

கேள்வி: டிரஃபால்கர் கடற்போரில் தோற்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி வில்நெவ், கார் பந்தய வீரர் ஜாக் வில்நெவ், சினிமா இயக்குநர் டெனி வில்நெவ் மூவரும் பிரான்ஸில் வில்நெவ் என்ற ஊரை ஆண்ட ஒரே பிரபு வம்சத்தார் என்று அடித்துச் சொல்கிறான் நண்பன். உண்மையா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: எந்த வில்நெவை ஆண்டார்கள் என்று முதலில் நண்பரைக் கேளுங்கள். லாட் நதிக்கரையில் ஒன்று, யோன் நதிக்கரையில் ஒன்று, அவின்யோனுக்கு எதிர்க்கரையில் கோட்டையோடு ஒன்று, பாரிஸை ஒட்டி ஒன்று என்று பிரான்ஸ் நெடுக வில்நெவ்கள். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் ‘புதூர்’. புதூர்க்காரர்கள் எல்லாம் ஒரே வம்சமா?

தளபதி மட்டும் பிரபு வீட்டுப் பிள்ளை, புரோவான்ஸ் பகுதிக்காரர். அவரும் பிரெஞ்சுப் புரட்சியின்போது, பிரபு குலத்தைக் காட்டும் ‘த’ என்ற முன்னொட்டைத் தம் பெயரிலிருந்து எடுத்துவிட்டார். மற்ற இருவரும் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர்கள். ஜாக்கின் தந்தை ஜில் வில்நெவ், 1982-இல் பெல்ஜியத்தில் பந்தயத்துக்கான தகுதிச் சுற்றில் நடந்த விபத்தில் உயிரிழந்தவர். மான்ட்ரியல் பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. பெயர் ஒன்று என்பதற்காக இவர்களைத் தளபதியோடு முடிச்சுப் போட முடியாது. ஊரைவிட்டுப் போனவனை, போன இடத்தில் ஊர்ப் பெயரால் கூப்பிட்டார்கள். அதுவே குடும்பப் பெயராக நின்றது. அதற்குப் பிரபுவாக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஊர்கள் பலவற்றின் பிறப்பில் உழவனுக்குத்தான் பெரிய பங்கு. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை காட்டை அழித்து நிலமாக்க ஆள் தேவைப்பட்டது. மன்னரும் பிரபுக்களும் வரிச்சலுகை எழுதிக்கொடுத்துக் குடியேற அழைத்தார்கள். ஓராண்டும் ஒரு நாளும் தங்கிவிட்டால் பண்ணையடிமைக்கு விடுதலை என்றுகூடச் சில சாசனங்கள் சொல்லின. யோன் கரை வில்நெவை 1163-இல் ஏழாம் லூயி மன்னர் நிறுவினார். 860 ஆண்டுகள் கடந்தும் அது புதூர்தான். பிழைக்க வந்தவர்கள் கட்டிய ஊர்களை ஒரு வம்சத்துக்குப் பட்டா போட்டுக் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1970-இல்கூட ஒரு வில்நெவ் பிறந்தது. லீல் நகருக்குப் பக்கத்தில் அனாப், அஸ்க், ஃப்ளேர் என்ற மூன்று ஊர்களைச் சேர்த்து ‘வில்நெவ் தாஸ்க்’ என்று பெயரிட்டார்கள். அந்த அஸ்க் கிராமத்தில்தான் 1944 ஏப்ரலில் நாஜிப் படையினர் ஒரே இரவில் 86 பேரைக் கொன்றார்கள்.