"நல்ல செய்தி" என்கிறார்கள், ஆனால் என்ன செய்தி?

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையில் மாதம் ஒருமுறை பிரசங்கம் செய்யும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். நான் பாடசாலை ஆசிரியர், கூட்டத்துக்கு முன் பேசப் பயமில்லை. நாற்பது நிமிடம், பத்துப் பன்னிரண்டு வசனங்களை எடுத்துக்காட்டிப் பேசுகிறேன். வாசலில் கைகுலுக்கி "நல்ல செய்தி" என்கிறார்கள். சென்ற மாதம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன விளங்கியது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கடவுள் நல்லவர்" என்றார். எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: முதலில் உங்கள் மனைவிக்கு நன்றி சொல்லுங்கள். பொய் சொல்லாத ஒரு கேட்பவர் கிடைப்பது எல்லாப் பிரசங்கிகளுக்கும் வாய்ப்பதில்லை.

பன்னிரண்டு வசனங்கள் என்று எழுதிய இடத்திலேயே விடை இருக்கிறது. கைபேசியில் "சமாதானம்" என்று தேடி, வந்த வசனங்களைக் கோத்துவிட்டால் மாலை போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வசனமும் எந்தச் செடியில் பூத்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் போய்விடும்.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும், வெளிநாடு போகிறவருக்கும், கலியாண அட்டைக்கும் நாம் கொடுக்கும் வசனம் அது. உங்களைக் குறித்து நான் வைத்திருப்பவை சமாதானத்துக்கான நினைவுகள் என்று கடவுள் சொல்கிறார். யாருக்கு? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. ஒரு வசனம் முன்னால் பாருங்கள்: எழுபது வருடங்கள் ஆகும் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது அங்கிருந்த முதியவர் ஒருவரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார். அதற்கும் முன்னால், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைக் கொண்டுபோய்விட்ட அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று இருக்கிறது. இடம்பெயர்ந்து போய், யாரோ ஒருவரின் காணியில் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் உங்கள் சபையில் இருப்பார்கள். அவர்களுக்கு 11ஆம் வசனம் மட்டும் வாழ்த்து அட்டை, 4ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் அவர்களுடைய கதை.

ஆகவே ஒரே பகுதியை எடுங்கள். திங்கட்கிழமையே எடுங்கள். ஹென்றி பவர் குழுவினர் 1871இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு வழிவந்த பழைய வேதாகமத்திலும், 1995இல் வந்த திருவிவிலியத்திலும் அதைச் சத்தமாக வாசியுங்கள். விளக்கவுரை நூல்களைப் புதன்கிழமைவரை திறக்காதீர்கள். வாசிக்கும்போது எங்கே உங்கள் மனம் இடறுகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். பலர் அந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள், பிரசங்கமோ அங்கேதான் இருக்கிறது.

மாற்கு 4இல் படகும் புயலும் வருகிற பகுதியில் நாம் எல்லோரும் கடல் அமர்ந்த இடத்துக்கு அவசரமாகப் போகிறோம். "விசுவாசம் இருந்தால் உங்கள் புயலும் அமரும்!" என்று குரலை உயர்த்துகிறோம். சுனாமி வந்த 2004 மார்கழி (டிசம்பர்) 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பு நாவலடியிலும் கல்லடியிலும் உங்கள் திருக்கோவில் கரையிலும் அன்று கடல் அமரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் முன்வரிசையில் இருந்தால், நீங்கள் சொன்னதை அவர் எப்படிக் கணக்குப் பார்ப்பார்? என் விசுவாசம் போதவில்லை என்றுதானே?

அதனால் 38ஆம் வசனத்தில் நில்லுங்கள். நாங்கள் சாகிறோம், உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் கேட்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டும் வேதத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தேயுவில் இயேசு முதலில் ஏன் பயப்படுகிறீர்கள் என்று சீடர்களைக் கேட்டுவிட்டுப் பிறகு காற்றை அதட்டுகிறார். மாற்குவில் முதலில் காற்றை அதட்டுகிறார், அவர்களைக் கேட்பது பிறகுதான். முறையிட்டவர்களை அவர் முதலில் காப்பாற்றினார், கேள்வி பின்னால் வந்தது. அந்தத் தாய்க்கு முன்னால் இதைக் கூசாமல் சொல்லலாம். அவருடைய பிள்ளைக்கு ஏன் அப்படி நடந்தது என்பதற்குக் காரணம் சொல்லப் போகாதீர்கள், மாற்குவும் சொல்லவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைக்கைக் கண்டதும் நம் ஆட்கள் பலருக்குத் திருநெல்வேலித் தமிழ் வந்துவிடுகிறது! காணொளிகளில் கேட்டுக்கேட்டுப் பிடித்துக்கொண்டது. உங்கள் சபை வேளாண்மைக்காரர் சபை. "அறுப்பு" என்று வாசித்துவிட்டு, வேளாண்மை வெட்டு என்று விளக்குங்கள். ரூத்தின் கதையில் நிலக்காரனான போவாஸ் ஏன் களத்திலேயே படுத்துக்கொண்டான் என்று நகரத்து மாணவருக்கு விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். களவெட்டியில் சூடு (வெட்டிக் குவித்த கதிர்ப்போர்) காத்த ஒரு முதியவரைக் கேளுங்கள், "தானியத்தை விட்டுட்டு எவன் வீட்ட போவான்?" என்று சொல்லிவிடுவார். இயந்திர வெட்டை மட்டுமே பார்த்த இளைஞர்களுக்கு அவரே விளக்கட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

நேரம் இருபது நிமிடம் போதும். முழுவதையும் எழுதுங்கள், ஆனால் பீடத்துக்கு ஒரு பக்கக் குறிப்பை மட்டும் கொண்டுபோங்கள். வேதபகுதியை வாசிப்பவருக்கு அதைச் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். நெகேமியா 8இல் லேவியர்கள் முதலில் தெளிவாக வாசித்தார்கள், பிறகுதான் அர்த்தம் சொன்னார்கள். நம் சபைகளில் முதல் வேலையை யாரும் கவனிப்பதில்லை, தடுமாறி வாசித்த பகுதியைப் பிறகு எவ்வளவு விளக்கினாலும் அரைப்பங்குதான் போய்ச் சேரும்.

சனிக்கிழமை இரவு, இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி உங்கள் மனைவியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "ம்" என்றால் திரும்ப எழுதுங்கள். "அது எப்படி?" என்று கேட்டால் போய்ப் படுங்கள்.