கிணற்றுக்கு எழுதிவைத்த தோப்பு

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். பக்கத்தில் ஸ்டோக் ரோ என்ற கிராமத்தில் காசி மகாராஜா வெட்டிக்கொடுத்த கிணறு இருக்கிறதாமே, போய்ப் பார்க்கலாமா? ஊரில் சாப்பிட ஏதும் கிடைக்குமா? நம்மை ஆண்ட வெள்ளைக்காரனுக்கு நாமே தண்ணீர் கொடுத்தது அடிமைப் புத்தி என்கிறார் என் கணவர்.
ம.

அன்புள்ள ம.,

தாராளமாகப் பாருங்கள். ஹென்லி என்ற ஊரிலிருந்து மேற்கே 5 மைல். கடை இருக்கிறது, பப் இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டீர்கள். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் வைஸ்ராய்கள் இல்லை, மேட்டுநிலத்துக் கூலிக்காரர்கள். வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று தாயிடம் அடிவாங்கிய பையனின் கதையை அந்தப் பக்கத்துக்காரரான, இந்தியாவில் அதிகாரியாக இருந்த ரீட் சொல்ல, கேட்டுத்தான் மகாராஜா பணம் கொடுத்தார். இந்தப் பேச்சு போதும்.

அந்த ஊர் இருக்கும் சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழையெல்லாம் உள்ளே இறங்கிவிடும். மேலே களிமண் இருக்கும் இடத்தில் மட்டும் குட்டை நிற்கும், கோடையில் அதுவும் காயும். அதனால்தான் 368 அடி தோண்ட வேண்டியிருந்தது. விட்டம் 4 அடி. அந்த அகலத்தில் மண்வெட்டியை ஓங்கக்கூட இடம் போதாது. கணக்குப் போட்டால் சுமார் 4,600 கன அடி மண்ணும் பாறையும், அத்தனையும் கையால் வெட்டி மேலே ஏற்றியது. 1863-இல் தொடங்கி 1864 மே மாதம் திறந்தார்கள். ஒரு வாளி மேலே வர 10 நிமிடம். மணிக்கு ஆறு வாளி, அவ்வளவுதான்!

எல்லாரும் கிணற்றின் குவிமாடத்தையும் வாளி இழுக்கும் இயந்திரத்தின் மேல் நிற்கும் பொன்னிற யானையையும் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள் என்று பயம். கிணறு வெட்டுவது பெரிய காரியமில்லை அம்மா, கொடுக்க ஆள் கிடைப்பார்கள். கயிறு நைந்தால், வாளி ஓட்டையானால், பல்சக்கரம் தேய்ந்தால் யார் காசு கொடுப்பது? திறப்பு விழாவோடு கொடையாளி போய்விட்டால், ஊற்று இருந்தும் கிணறு செத்துப்போகும். ஸ்டோக் ரோவில் பக்கத்திலேயே நிலம் வாங்கிச் செர்ரித் தோப்பு வைத்தார்கள். பழம் விற்ற காசு பராமரிப்புக்கு, தண்ணீர் இலவசம். காவலாளிக்கு எண்கோண வடிவில் ஒரு சின்ன வீடு. நம் ஊரில் கோயில் விளக்குக்கு நிலம் எழுதிவைத்த அதே புத்திதான். எழுபது வருஷத்துக்கு மேல் அந்தக் கிணற்றில் இறைத்திருக்கிறார்கள்.

தோப்பின் பெயர் இஷ்ரீ பாக், மகாராஜா ஈஸ்வரி பிரசாத்தின் பெயர். முதலில் அங்கே போங்கள், யானையைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்