தெருவில்லாத ஊர்: சாத்தல்ஹோயுக் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

துருக்கியின் கோன்யா சமவெளியில் உள்ள சாத்தல்ஹோயுக் மண்மேட்டைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். ஏறத்தாழ கி.மு. 7100 முதல் கி.மு. 5950 வரை, வீட்டின்மேல் வீடாகக் கட்டி மக்கள் வாழ்ந்ததால் எழும்பிய மேடு அது. 13 ஹெக்டேர் பரப்பு, 21 மீட்டர் உயரம், 18 குடியிருப்பு அடுக்குகள். 1958-இல் ஜேம்ஸ் மெல்லார்ட் அதைக் கண்டறிந்து, 1961 முதல் 1965 வரை தோண்டினார். பிறகு 1993 முதல் 2018 வரை இயன் ஹாடரின் குழு அகழ்ந்தது. அந்த அறிக்கைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருபவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நான் வீடு கட்டும் ஒப்பந்தக்காரன். தெருவே இல்லாமல் வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினார்களாம். ஒரு வீட்டை இடித்தால் பக்கத்து வீடு விழாதா?

விழாது. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக நான்கு சுவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவரும் தன் சுவரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும், பொதுச்சுவர் கிடையாது. சுடாத மண் கற்களால் ஆன சுவர்கள் அவை. போக்குவரத்தெல்லாம் கூரைகளின் மேல்தான். கூரையில் ஒரு திறப்பு, அதிலிருந்து உள்ளே இறங்க ஏணி. அடுப்பு பெரும்பாலும் தெற்குப் பக்கம், அந்தத் திறப்புக்குக் கீழேயே இருந்தது. ஆள் இறங்கும் வழியும் புகை போகும் வழியும் ஒன்றுதான்.

ஒரு வீட்டின் ஆயுள் பெரும்பாலும் 70 முதல் 100 ஆண்டுகள். அது முடிந்ததும் அவர்கள் செய்த வேலையைக் கட்டடக்காரரான நீங்கள் ரசிப்பீர்கள். உள்ளே இருந்த பொருள்களை எடுத்துவிட்டுத் தரையைச் சுத்தம் செய்தார்கள். மரத்தூண்களைப் பிடுங்கினார்கள். சுவரின் மேற்பகுதியை இடித்து, உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். பிறகு அதே சுவர்க்கோட்டின் மேல் புது வீட்டை எழுப்பினார்கள். அடுப்பும் மேடையும் பல வேளைகளில் பழைய இடத்திலேயே அமைந்தன. தலைமுறை தலைமுறையாக இது தொடர்ந்திருக்கிறது.

கேள்வி: படுக்கும் இடத்துக்குக் கீழேயே பிணத்தைப் புதைத்தார்கள் என்று படித்தேன். உண்மையா? நாற்றம் எடுக்காதா?

உண்மைதான். வீட்டின் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் சற்றே உயர்ந்த மண் மேடைகள் இருக்கும். அவற்றுக்குக் கீழே குழி தோண்டி, உடலை முழங்கால் நெஞ்சில் படும்படி மடக்கி, கயிற்றாலோ பாயாலோ கட்டியும் சில வேளை கூடைக்குள் வைத்தும் புதைத்தார்கள். மேலே மண்ணை மூடிச் சாந்து பூசிவிட்டு, அதே மேடையில் வாழ்க்கையைத் தொடர்ந்தார்கள். 1-ஆம் எண் கட்டடத்தில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர் இப்படிக் கிடந்தார்கள். இறுகக் கட்டிய உடலும் அதன்மேல் அடர்ந்த மண்ணும் சாந்தும் நாற்றத்தைப் பெரிதும் அடக்கியிருக்கும்.

சில காலம் கழித்துக் குழியைத் திறந்து மண்டையோட்டை மட்டும் எடுத்ததும் உண்டு. 2004-இல் கிடைத்த ஒரு பெண்ணின் எலும்புக்கூடு, சாந்தால் முகம் வனையப்பட்ட வேறொருவரின் மண்டையோட்டை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தது. அந்த முகத்துக்கு ஒரு முறை பூசியதோடு நிறுத்தவில்லை. சாந்தும் சிவப்பு நிறமும் மீண்டும் மீண்டும் பூசியிருக்கிறார்கள். அதாவது, அவள் கைக்கு வரும் முன்பே நெடுங்காலம் அது மனிதர்களிடையே புழங்கியிருக்கிறது. இந்த ஊரிலிருந்து ஒரே ஒரு பொருளைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: ஐயா, இரண்டு சிறுத்தைகளுக்கு நடுவில் அமர்ந்திருக்கும் பருத்த பெண்தானே அந்த ஊரின் தாய்த்தெய்வம்? அங்கே பெண்கள்தான் ஆண்டார்களா?

அந்தச் சுடுமண் உருவத்தை 1961-இல் மெல்லார்ட் ஒரு தானியத் தொட்டியில் கண்டெடுத்தார். தலை உடைந்து போயிருந்தது. இப்போது நாம் படங்களில் பார்க்கும் தலை பின்னாளில் செய்து பொருத்தியது. தாய்த்தெய்வம் என்ற விளக்கம் மெல்லார்ட் தந்தது. ஆனால், அங்கே கிடைத்த சிறு உருவங்களில் பெரும்பாலானவை விலங்குகள். பெரும்பகுதி குப்பை மேடுகளிலிருந்து வந்தவை. வணங்கிய தெய்வத்தை அப்படி வீசுவார்களா என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பெண் உருவம் ஊரின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆயிரம் ஆண்டுக் கதையை அதன் தலையில் ஏற்ற முடியாது.

பெண்களின் நிலைக்கு அதைவிட உறுதியான சான்று எலும்புகளில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே உணவைத்தான் உண்டார்கள். 2025-இல் வெளியான தொல்மரபணு ஆய்வு 35 வீடுகளில் புதைக்கப்பட்ட 131 பேரை ஆராய்ந்தது. முற்காலத்தில் ஒரே வீட்டில் புதைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் தாய்வழியில் இணைந்திருக்கிறார்கள். பெண்கள் பிறந்த வீட்டோடு தங்க, ஆண்கள்தான் வேறு வீடுகளுக்குப் போனதாகத் தெரிகிறது. பெண்குழந்தைகளின் குழிகளில் வைத்த பொருள்கள் ஆண்குழந்தைகளுடையதைப் போல ஐந்து மடங்கு. இதைப் பெண்ணாட்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்சி என்று சொல்லத்தக்க அரண்மனையோ, தலைவன் வீடோ, பொதுக் கோயிலோ அங்கே கிடைக்கவில்லை. வீடு பெண்வழியில் நின்றது என்பது மட்டும் தெளிவு. அதுவே பெரிய செய்தி.

கேள்வி: அப்படியானால் ஒரு வீட்டில் கிடந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?

எல்லாக் காலத்திலும் அப்படியில்லை. பற்களின் வடிவத்தை ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வே, ஒரே தரைக்குக் கீழே இருப்பவர்களிடம் நெருங்கிய இரத்த உறவு தென்படவில்லை என்றது. பிற்கால அடுக்குகளில் உறவில்லாத குழந்தைகளும் சேர்ந்து கிடக்கிறார்கள். எடுத்து வளர்ப்பது வழக்கமாக இருந்திருக்கலாம்.

கேள்வி: உலகின் முதல் நகரம் என்று சொல்லலாமா?

நான் சொல்வதில்லை. சந்தை, ஆட்சி அலுவலகம், கைவினைக்கென்று தனிப் பகுதி எதுவும் அங்கே இல்லை. மக்கள்தொகையை 3,500 முதல் 8,000 வரை என்று முன்பு மதிப்பிட்டார்கள். எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருந்திருக்காது என்று கணக்கிட்ட 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு, அதை ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்தது. மிகப் பெரிய கிராமம் என்பதே பொருத்தம்.

கேள்வி: நான் செவிலியர். அவர்களின் உடல்நலம் எப்படி இருந்தது?

புகைதான் பெரும் பகை. முதியவர்கள் சிலரின் விலா எலும்புகளின் உட்புறத்தில் கரி படிந்திருக்கிறது. நுரையீரலில் தேங்கியிருந்த கரி, உடல் அழுகியபின் எலும்பில் ஒட்டிக்கொண்டது. சாணத்தையும் விறகையும் மூடிய அறைக்குள் எரித்த வாழ்க்கையின் தழும்பு அது. மலத்தின் எச்சங்களில் சாட்டைப்புழு முட்டைகளும் கிடைத்தன.

தலைக்காயங்களும் உண்டு. ஆராய்ந்த 93 மண்டையோடுகளில் 25-இல் ஆறிப்போன முறிவுகள். அவர்களில் 12 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அடி. அடிபட்டவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். அடி பெரும்பாலும் உச்சியிலும் பின்தலையிலும் விழுந்திருக்கிறது. அங்கே கிடைத்த கெட்டியான மண் உருண்டைகளை எறிந்து தாக்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஊர் நெருக்கடியாக இருந்த காலத்தில்தான் இது கூடுதல். சண்டையில்லாத பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: சுவரில் எரிமலை வெடிப்பதை வரைந்திருக்கிறார்களாமே?

இரட்டைச் சிகரமுள்ள ஹசன் மலை வெடிப்பதும், கீழே ஊரின் வரைபடமும் என்று மெல்லார்ட் சொன்னார். அந்த மலை ஏறத்தாழ 8,900 ஆண்டுகளுக்கு முன் வெடித்ததாக 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது, காலம் ஒத்துப்போகிறது. மேலே இருப்பது சிறுத்தைத் தோல், கீழே இருப்பது வெறும் கட்டக்கோலம் என்போரும் உண்டு. மற்றச் சுவர்களிலும் அதே கோலம் வருவதால் நான் இவர்கள் பக்கம்.

கேள்வி: கல்லூரி மாணவி நான். இந்தத் துறைக்கு வர எதைப் படிக்க வேண்டும்?

மண்ணைப் படியுங்கள். பளபளப்பான பொருள்களைத் தேடி எல்லோரும் வருவார்கள்; சுவர்ப்பூச்சைப் படிக்கத்தான் ஆள் குறைவு. அங்கே வெண்களிமண்ணால் ஆண்டுதோறும், சில இடங்களில் அதைவிட அடிக்கடி, சுவருக்குப் பூசினார்கள். ஒரு துண்டுப் பூச்சைப் பிசினில் இறுக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் வெள்ளைக் கோடு, கரிக்கோடு, மறுபடி வெள்ளைக் கோடு என்று தெரியும். சில சுவர்களில் 400-க்கும் மேற்பட்ட படலங்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. எந்தப் படலத்தில் ஓவியம் வந்தது, எத்தனை பூச்சுக்குப் பின் அது மறைந்தது என்பதெல்லாம் இப்படித்தான் தெரிய வந்தது.

ஹாடர் குழுவின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மொத்தத்தையும் புரட்டாதீர்கள். 1-ஆம் எண் கட்டடத்தை மட்டும் எடுத்து, அதன் தரை, அடுப்பு, குழிகள் ஆகியவற்றைத் தாளில் நீங்களே வரைந்துகொண்டு படியுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ, அதைக் கேள்வியாக அனுப்புங்கள்.