வயலின் வில்லை முதலில் அம்மா கையில் கொடுங்கள்

கேள்வி: இசைக்கல்லூரியில் வயலின் படித்துவிட்டு, கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு முன்னறையில் வகுப்பு எடுக்கிறேன். விஜயதசமியன்று ஒன்பது குழந்தைகள் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள். குழந்தைகளைச் சமாளித்துவிடுகிறேன், பெற்றோரைத்தான் முடியவில்லை. ஒரு அம்மா கூடவே உட்கார்ந்து, மகள் வில்லை இழுக்கும்போதெல்லாம் "நேராப் பிடி, நேராப் பிடி" என்கிறார். ஒரு அப்பா, கலோத்சவத்துக்கு (கேரளப் பள்ளிக் கலைவிழாப் போட்டி) எப்போது தயார் செய்வீர்கள் என்று கேட்கிறார். பையன் ஒன்றாம் வகுப்பு! இன்னும் சிலர் வாசலில் இறக்கிவிட்டுப் போவதோடு சரி. வீட்டில் யாரும் வயலினைத் தொடுவதாகத் தெரியவில்லை. பெற்றோரை வகுப்புக்குள் விடலாமா, வெளியே நிறுத்திவிடலாமா?
பெயர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: உள்ளே விடுங்கள் டீச்சர். ஆனால் சும்மா உட்கார விடாதீர்கள்.

அந்த "நேராப் பிடி" அம்மாவுக்கு வில் கோணுவது தெரிகிறது, ஏன் கோணுகிறது என்பது தெரியவில்லை. ஒரு நாள் மகளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அம்மாவைச் சம்மணம் போடச் சொல்லி உங்கள் வயலினைக் கொடுங்கள். வலது கணுக்காலில் வயலினின் தலை, மறுமுனை இடது தோளில். ஒரே தந்தியில் பத்து இழுப்பு, போதும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிப் போனால் கீச்சிடுகிறது, விரல் பலகைப் பக்கம் ஏறினால் சத்தம் மெலிந்துவிடுகிறது என்பதைக் கையே சொல்லிக் கொடுக்கும். அதற்கப்புறம் மகளிடம் அவர் பேசும் குரலே மாறிவிடும். நான் பலமுறை பார்த்தது இது.

ஜப்பானில் வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998) இதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். அம்மாவோ அப்பாவோ முதலில் வயலின் பிடிக்கக் கற்க வேண்டும், வகுப்பில் கூட இருக்க வேண்டும், வீட்டில் தினமும் பக்கத்தில் உட்கார வேண்டும். ஜப்பானியக் குழந்தைகள் எல்லாம் தாய்மொழியைத் தடங்கலில்லாமல் பேசுகிறார்களே, இசையையும் அப்படிக் கொடுத்தால் என்ன என்பது அவர் கேள்வி. இதைப் புரிந்துகொள்ள நாம் ஜப்பான் வரை போக வேண்டாம். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசுகிற குழந்தைகள் நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு மலையாளம் யார் பாடம் நடத்தினார்கள்? காதில் விழுந்தது, வாய்க்கு வந்தது. ஆகவே அந்த வாரத்துச் சரளி வரிசையை (தொடக்க ஸ்வரப் பாடம்) நீங்களே இரண்டு நிமிடம் வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். குளிக்கும்போதும் இட்லி சாப்பிடும்போதும் அது ஓடட்டும்.

அடுத்து, வீட்டில் ஏன் தொடுவதில்லை என்ற விஷயம். நிறைய வீடுகளில் காரணம் சோம்பல் இல்லை, சுருதி. சனிக்கிழமை நீங்கள் சுருதி சேர்த்து அனுப்புகிறீர்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காய்ந்த காற்றில் மரம் சுருங்கி, திங்கட்கிழமையே பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) வழுக்கிவிடுகிறது. ஆனி, ஆடி மழையில் அதே பிருடை உப்பி, திருகினாலும் அசையாது. ஆறு வயதுக் குழந்தையால் இதைச் சரிசெய்ய முடியுமா? இறங்கிப்போன ஸட்ஜத்தில், அதாவது ஆதார 'ஸ'வில், நான்கு நாள் இழுத்துவிட்டு உங்களிடம் வருகிறது. காதும் கெடுகிறது, ஆசையும் போகிறது. பெற்றோருக்கு நீங்கள் கற்றுத் தர வேண்டிய முதல் பாடம் இதுதான். நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் (சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் சின்னத் திருகு) போட்டுவிடுங்கள். போனில் சுருதிப்பெட்டியை ஓடவிட்டு, ஸ, ப, ஸ, ப என்று சேர்க்க இரண்டு மூன்று வகுப்புகளில் பழக்கிவிடலாம். பிருடையைத் திருகும்போது உள்ளே அழுத்தியபடி திருக வேண்டும், வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் தூள். வெயிலில் நிற்கும் காரில் வயலினை விட்டுவிட்டுப் போகக்கூடாது, ஒட்டு விட்டுப்போகும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்த வேண்டும்.

அப்புறம் நேரம். "தினமும் வாசிக்க வை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அழவைத்து, மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். காலையில் எட்டு நிமிடம், சாயங்காலம் எட்டு நிமிடம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றே ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். வில்லைக் கவனிக்கிற வாரத்தில் விரல் தப்பினாலும் பேசக்கூடாது.

கலோத்சவ அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாகப் போய் வர்ணத்தைத் தொடுவதற்கே இந்த வயதில் சில வருடங்கள் ஆகும். இப்படி அவசரப்படுகிறவர்கள்தான் "வளர்ந்தாலும் ஆகும்" என்று முழு வயலினை வாங்கி வருவார்கள். குழந்தையின் இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்தடியிலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்து காட்டுங்கள். சுமார் 18 அங்குலம் இருந்தால் கால் வயலின், 20 என்றால் அரை, 22 என்றால் முக்கால், 23ஐத் தாண்டினால்தான் முழு வயலின். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தன் அரசவை வயலின் வித்வான் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்திலேயே வயலின் கொடுத்தார், சரி. வடிவேலுவின் கை அதற்கு எட்டியது.

ஒரு தவறு நானும் செய்திருக்கிறேன். வகுப்பு தொடங்கிய புதிதில், ஒரு பையனை வைத்துக்கொண்டே அவன் அப்பாவிடம், "இவனுக்குச் சுருதி நிற்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழா முடிந்த வாரத்தோடு அவன் நின்றுவிட்டான். பிறகு யோசித்தால், சுருதி நிற்காதது வயலினிலா, அவனிலா என்று நான் பார்க்கவே இல்லை. குழந்தை காதுபடக் குறை சொல்வதில்லை என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன். அதற்குத் தனியாக ஒரு போன் போட்டுவிடுவேன்.

வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வருகிறவர் இருப்பார், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் இருப்பார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒரு குழந்தைக்குத் துணை அதன் பாட்டிதான். வயலினைத் தொட்டதே இல்லை. ஆனால் பேத்தி இழுக்க ஆரம்பித்தால் அடுக்களையிலிருந்தே குரல் வரும்: "குட்டி, ஸட்ஜம் எறங்கியிருக்கு பார்."