மோட்டார்ஹோமில் ஊர் ஊராகப் போய் டிஸ்க் கோல்ஃப் ஆட எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் பெங்களூர் ஃபிரேசர் டவுன்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஜூனில் சான் பிரான்சிஸ்கோ போய், இரண்டு வாரம் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்து ஓரிகன் வரை ஓட்டப்போகிறார். அல்டிமேட் (பறக்கும் தட்டை வீசி ஆடும் குழு விளையாட்டு) ஆடிய பழக்கம் உண்டு, டிஸ்க் கோல்ஃப் (தட்டை முடிந்தவரை குறைந்த எறிகளில் கூடைக்குள் போடும் ஆட்டம்) புதிது. எந்த கோர்ஸ் (ஆடும் இடம்), எத்தனை டிஸ்க், வண்டியை எங்கே நிறுத்துவது என்பவை அவருடைய கேள்விகள்.

மூன்றாவது கேள்வியை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் கொடுக்கும் கிளாஸ் சி என்ற நடுத்தர அளவு வண்டி பெரும்பாலும் 25 அடி நீளம், 11 முதல் 12 அடி உயரம் இருக்கும். நம் டெம்போ டிராவலரை விட நீளமும் உயரமும் அதிகம். ஆனால் கோர்ஸ்களில் பெரும்பாலானவை நகராட்சிப் பூங்காக்களில் இருப்பவை. அங்கே பார்க்கிங் என்பது இருபது கார்களுக்கான இடம், சில வாசல்களில் உயரத் தடுப்புக் கம்பி, இருட்டியதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ராத்திரி தங்க அனுமதி கிடையாது. கோர்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு இடம் தேடினால் தினமும் இதே தலைவலிதான். முதலில் கேம்ப்கிரவுண்டுகளைக் குறியுங்கள், அதற்குள்ளேயோ பத்து நிமிடத் தூரத்திலோ இருக்கும் கோர்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட், தண்ணீர் இணைப்பு எல்லாம் கொடுத்த பிறகு வண்டியைக் கிளப்ப அரை மணி நேரம் போகும். அதனால் காலையில் ஒரு கோர்ஸ், மாலையில் இன்னொரு கோர்ஸ் என்று போடாதீர்கள்.

உங்கள் பாதைக்குப் பொருத்தமான உதாரணம், ஓரிகனில் எஸ்டகாடா ஊர் அருகே உள்ள மைலோ மெக்ஐவர் ஸ்டேட் பார்க். கிளாக்கமஸ் ஆற்றங்கரையில் கேம்ப்கிரவுண்டும் கோர்ஸும் ஒரே பூங்காவுக்குள் இருக்கின்றன. வண்டியை ஒருமுறை நிறுத்திவிட்டால் இரண்டு நாள் நடந்தே ஆடலாம். சான்டா குரூஸில் இருக்கும் டெலவீகா, 1984-இல் திறந்த பழைய கோர்ஸ். முழுக்க மலைச்சரிவு. அதன் 27-ஆம் ஹோலில் (எறியும் இடமும் கூடையும் சேர்ந்த ஒரு பகுதி) குன்றின் உச்சியிலிருந்து கடலைப் பார்த்தபடி கீழே எறிய வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். அங்கே மோட்டார்ஹோமோடு மேலே ஏறுவது சிரமம். வண்டியைக் கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு வாடகைக் காரில் போய்வாருங்கள். கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க் கேம்ப் இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே முன்பதிவு தொடங்கிவிடும், கோடை விடுமுறையில் சீக்கிரம் தீரும்.

கோர்ஸ் தேட யுடிஸ்க் ஆப் போதும். ஒவ்வொரு ஹோலின் வரைபடம், தூரம், பார்க்கிங், கழிப்பறை வசதி, கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். வரைபடங்களை முந்தின நாளே போனில் இறக்கிவையுங்கள், காட்டுக்குள் சிக்னல் வராது. முக்கியமாக, ஒரு ஹோலின் கூடையிலிருந்து அடுத்த ஹோலின் டீ (முதல் எறியை எறியும் இடம்) எந்தப் பக்கம் என்பதைக் கவனியுங்கள். புது ஊரில் நேரம் வீணாவது பெரும்பாலும் அடுத்த டீயைத் தேடும்போதுதான். 18 ஹோலுக்கு இரண்டு மணி நேரம் வைக்கலாம், பிள்ளைகளோடு என்றால் மூன்று.

டிஸ்க் ஆளுக்கு ஐந்து போதும். டிஸ்க்கின் மேல் வேகம், மிதப்பு, திருப்பம் (வேகமாகப் பறக்கும்போது வலதுகைக்காரருக்கு வலதுபக்கம் திரும்புவது, மைனஸ் கூடினால் திருப்பம் அதிகம்), இறுதிச் சாய்வு (வேகம் குறைந்ததும் இடதுபக்கம் சாய்வது) என்று நாலு எண்கள் இருக்கும். ஏவியார் என்ற டிஸ்க் 2, 3, 0, 1 பட்டர், அதாவது பக்கத்திலிருந்து கூடைக்குள் போட. பஸ் 5, 4, -1, 1 மிட்ரேஞ்ச், நடுத்தூரத்துக்கு. லெபர்ட் 6, 5, -2, 1 ஃபேர்வே டிரைவர், அதைவிடத் தூரத்துக்கு. காற்று அடிக்கும் நாளுக்கு ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. ஐந்தாவதாக இன்னொரு பட்டர், தொலைந்தால் கைகொடுக்கும். 12, 13 வேகமுள்ள டிஸ்க்கைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அந்த வேகத்தில் எறிய வலுவில்லாத கைக்கு அது நேராகப் போகாமல் சீக்கிரமே இடதுபக்கம் சாய்ந்து விழும். பிள்ளைகளுக்கு 150 கிராம் அளவில் வாங்குங்கள்.

அல்டிமேட் ஆடியவர்களிடம் ஒரு பழக்கம் தங்கியிருக்கும். 175 கிராம், 27 சென்டிமீட்டர் டிஸ்க் முன்விளிம்பு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தாலும் மிதந்து போய்ச் சேரும். கோல்ஃப் டிஸ்க் 21 சென்டிமீட்டர்தான், விளிம்பும் கூர்மை. முன்விளிம்பு தூக்கியிருந்தால் மேலே ஏறி, வேகம் செத்து, இடதுபக்கம் திரும்பிவிடும். கைகுலுக்க நீட்டிய கையில் மணிக்கட்டை லேசாகத் தாழ்த்திப் பாருங்கள். எறிந்து முடிக்கும்வரை மணிக்கட்டு அந்த நிலையிலேயே இருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் மூன்று வாரம், வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் 5 மீட்டரிலிருந்து ஒரு வாளிக்குள் தினம் ஐம்பது பட் (கூடைக்குள் போடும் குறுகிய எறி) போட்டுப் பழகினால், அங்கே போய் எத்தனையோ எறிகள் மிச்சமாகும். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் பட் போடும்போது, எறிந்த பிறகு தடுமாறாமல் நிலையாக நின்று காட்டும்வரை, முந்தைய எறி விழுந்த இடத்துக் குறியைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது என்பது விதி, அதையும் இப்போதே பழகிவிடுங்கள்.

இன்னொன்று பலரும் யோசிக்காதது. பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தை விட இங்கே காற்றின் அடர்த்தி 8 சதவீதத்துக்கு மேல் குறைவு. அடர்த்தி குறைந்தால் டிஸ்க்கின் மிதப்பும் திருப்பமும் குறையும். ஆகவே கப்பன் பார்க்கில் நேராகப் போன அதே டிஸ்க், சான்டா குரூஸ் கடற்கரையில் வலதுகைக்காரருக்கு இன்னும் வலதுபக்கம் திரும்பும். கை கெட்டுவிட்டதோ என்று குழம்ப வேண்டாம். லெபர்டை வைத்துவிட்டு, திருப்பம் 0 உள்ள டிஸ்க்கை எடுங்கள். எதிர்காற்றும் இதே வேலையைச் செய்யும், பின்காற்று நேர்மாறாக.

காட்டில் டிஸ்க் தொலையாமல் இருக்க ஒருவர் முன்னால் போய் நிற்பதே சிறந்த வழி. அது விழுந்த திசையில் ஒரு மரத்தை மனதில் குறித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நடங்கள். தேட மூன்று நிமிடம்தான் விதிப்படி அனுமதி. டிஸ்க்கின் உள்பக்கம் அழியாத மார்க்கரில் பெயரும், அங்கே வேலை செய்யும் போன் நம்பரும் எழுதுங்கள், கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் கூப்பிட்டுச் சொல்வார்கள். மூன்று மூன்று இலையாக வரும் பாய்சன் ஓக் செடி கலிஃபோர்னியா, ஓரிகன் காடுகளில் சாதாரணம். தொட்டால் அரிப்பும் கொப்புளமும் நாள்கணக்கில் நிற்கும். முழுநீளப் பேன்ட் போடுங்கள், புதரிலிருந்து எடுத்த டிஸ்க்கை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வண்டிக்குள் கொண்டுபோங்கள்.

வெயிலில் மூடிய வண்டியில் டிஸ்க்கைச் செங்குத்தாக அடுக்கினால் விளிம்பு நெளிந்துவிடும். கீழ் அலமாரியில், நிழலில், படுக்கையாக வையுங்கள். நெளிந்ததைக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துச் சமதளத்தில் கனமான புத்தகத்தின் கீழ் ஒரு ராத்திரி வைத்தால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

வண்டியில் கவனிக்க வேண்டியது கழிவுத் தொட்டிகள். கேம்ப்கிரவுண்டில் கழிவுநீர் இணைப்பு கொடுத்துவிட்டு, கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைப்பது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தண்ணீர் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது அடியில் குவிந்து காய்ந்து, குழாயை அடைத்துவிடும். வால்வை மூடியே வையுங்கள். தொட்டி பாதிக்கு மேல் நிரம்பியதும் கையுறை போட்டு, குழாயை இறுக மாட்டி, மறுமுனை நழுவாதபடி கல்லை வைத்து, கழிப்பறை வால்வை முதலில் திறங்கள். முழுக்க வடிந்ததும் அதை மூடிவிட்டு, சமையலறை, குளியல் தண்ணீர் வால்வைத் திறங்கள், அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். பிறகு கழிப்பறைத் தொட்டியில் சில லிட்டர் தண்ணீரும் மருந்தும் ஊற்றிவையுங்கள். குடிதண்ணீர்க் குழாயைத் தனியாக வைத்திருங்கள், இரண்டையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

பெட்ரோல் லிட்டருக்கு மூன்றரை, நாலு கிலோமீட்டர்தான் கிடைக்கும் என்று கணக்குப் போடுங்கள். பின்னால் எடுக்கும்போது எப்போதும் ஒருவர் இறங்கிப் பின்பக்கம் நிற்க வேண்டும். திரும்பும்போது பின் ஓரம் வெளிப்பக்கம் வீசும், பக்கத்துக் கம்பத்தில் இடிக்கும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை பெங்களூர் ஆர்டிஓவில் முன்பே வாங்கிவிடுங்கள், அது ஒரு வருடம் செல்லும்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் தொட்டிகளைக் காலிசெய்து, பெட்ரோல் நிரப்பி, சாப்பாட்டு மேசையின் இருக்கைப் பெட்டியையும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலும் பட்டர் அங்கேதான் கிடக்கும்.